நீர்ப்பரவை

கல்லுக்கட்டி ப்ளெக்ஸ் கடைப் பையன்
ஓர் எழுத்தைத்தான் மாற்றிப் போட்டான்.
‘நீர்ப்பரவை காண வாரீர்!
கீழவேலங்கண்மாய், பள்ளத்தூர்.
சனிக்கிழமை காலை ஆறு மணி.’
வல்லினம் இடையினமானதில்
கண்மாய் கடலாகிவிட்டது.
எழுநூற்றைம்பது ரூபாய்க்கு ரசீதும் உண்டு.

வனவர் ஆரோக்கியதாஸ் அண்ணாந்து பார்த்தார்.
‘யாரு இதப் படிக்கப் போறா, விடுங்க.’
நானும் விட்டுவிட்டேன்.
என் கவலை எழுத்தில் இல்லை.
கண்மாயில் தண்ணீர் இல்லை.

ஆவணியில் எழுதிக் கொடுத்த திட்டம்:
பைனாகுலர் பத்து, சிற்றுண்டி நாற்பது, பேருந்து ஒன்று,
காணக்கூடிய இனங்கள் பதினெட்டு.
ஐப்பசி ஏமாற்றலாம் என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
மாசியில் அனுமதி வந்தது,
மார்ச்சுக்குள் செலவழிக்கச் சொல்லி.

கோட்டையூரிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கினார்கள்.
உமையாள் டீச்சர் பேனரைப் பார்த்தார்,
கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்,
பிறகு கண்மாயைப் பார்த்தார்.
பேனாவை மூடி உள்ளே வைத்துவிட்டார்.

கரையிலிருந்து காட்ட எதுவும் இல்லாததால்
உள்ளே இறங்கி நடந்தோம்.
போன வருடம் இதே இடத்தில்
நெஞ்சளவு தண்ணீரில் நின்று கூடுகளை எண்ணினேன்.
இப்போது வெடிப்புகளில்
பிள்ளைகளின் செருப்பு மாட்டிக்கொள்கிறது.
கருவேல மரங்களில் மட்டும்
பழைய எச்சம், வெள்ளையடித்த மாதிரி.

‘சார், பறவை எங்க?’
பருவமழை, வரத்துக்கால், அடைபட்ட மடை என்று
ஒரு பத்தி விடை கைவசம் இருந்தது.
‘வரல’ என்றேன்.
‘எப்ப வரும்?’
மண்வெட்டியால் ஒன்றரையடி தோண்டினேன்.
எலுமிச்சை அளவில், மண் பூசி,
மூடியை இறுக இழுத்துச் சாத்திய நத்தை.
‘இவங்க எந்திரிச்சா.’

நத்தைகுத்தி நாரையின் அலகைப் பற்றிச் சொன்னேன்,
மூடினாலும் நடுவே இடைவெளி விடும் அலகு.
இதைத் தின்னத்தான் அத்தனை தூரம் பறந்து வருகிறது என்றதும்
நத்தையைப் பிடித்திருந்த பையன்
கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

வாளியில் தண்ணீர் ஊற்றி உள்ளே விட்டோம்.
திறக்கும் என்றேன்.
அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன்.
நாற்பது தலைகள் வாளியைச் சுற்றி.
ஒருவன் தட்டினான். ஒருத்தி ஊதினாள்.
திறக்கவில்லை.
பூட்டிய கதவு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல,
தெருவுக்கு எட்டு இருக்கிறது.
ஆனாலும் யாரும் நகரவில்லை.
மசாலா சீயம் ஆறிக்கொண்டிருந்தது.
அரை மணி நேரம்
கோட்டையூர் ஏழாம் வகுப்பு வாய் பேசவில்லை.
இதைப் படிவத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

டிரைவர் ஹாரன் அடித்தார்.
அஃப்ரின் என்ற பெண் மட்டும்
என் எண்ணைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
கடைசியாக ஏறினாள்.

பைனாகுலர் ஒன்பதுதான் இருந்தது.
பத்தாவதைத் தேடி எடுத்தபோது வெயில் ஏறிவிட்டது.
அறிக்கை எழுதினேன்:
கலந்துகொண்டோர் நாற்பது,
காணப்பட்ட இனங்கள் ஒன்று.
‘பதினேழு குறையுதே’ என்றார் ஆரோக்கியதாஸ்.

இரவு ஏழே முக்காலுக்கு அவள் அம்மாவின் போனிலிருந்து:
‘சார், தொறந்துச்சா?’
வாளியை மடையருகே மறந்துவிட்டு வந்திருந்தேன்.
லைனில் அவளை வைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

டார்ச் வெளிச்சத்தில்
தண்ணீருக்கு மேலே, வாளியின் உள்சுவரில்,
முழு உடம்பும் வெளியே விட்டு,
இரண்டு கொம்புகளால் காற்றைத் தடவியபடி.
‘என்ன சார் பண்ணுது?’
‘ஏறுது.’
‘எங்க?’
கண்மாயைத் திரும்பிப் பார்த்தேன்.
மழைக்கு இன்னும் ஏழெட்டு மாதம்.
தூங்கிக்கொண்டிருந்ததை
நிகழ்ச்சிக்காக எழுப்பிவிட்டேன்.
அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.
‘எங்க வீட்டுக்கு’ என்றேன்.
‘அடுத்த சனிக்கிழமை வந்து பாக்கட்டா?’
திட்டத்தில் அடுத்த சனிக்கிழமையே இல்லை.
‘வா’ என்றேன்.

இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே வாளியை இடுக்கிக்கொண்டு
செம்மண் பாதையில் முதல் கியரிலேயே வந்தேன்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் வாளிக்குள்
சின்னச் சின்ன அலை.